ஆறடி தள்ளி நின்ற சித்தப்பா

சிங்கப்பூரில், பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, வெற்றுத்தளத்தில் போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்து நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கவிதா எல்லாரையும் இரண்டு வரிசையாக நிறுத்தித் தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்தாள். நான் பழைய போட்டோக்காரி என்பது அவளுக்குத் தெரியும். அதனால் என்னிடம்தான் முதலில் காட்டினாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் புருவ முடியைக்கூட எண்ணிவிடலாம். பின்வரிசையில் நின்ற அவளுடைய மாமியார் வீட்டார் அத்தனை பேரும் மழை வழியும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைப்போலக் கலங்கியிருந்தார்கள்.

"அது போர்ட்ரெட் மோட் லா ஆன்ட்டி. பின்னால இருக்கிறத அதுவே பிளர் பண்ணிடும். அழகுக்காக."

"உன் மாமியார்கிட்ட காட்டினியா?"

காட்டவில்லை. அவசரமாக இன்னொன்று எடுத்தாள். அது நன்றாக வந்த நிம்மதியில், "உங்க காலத்துல இத்தனை பேரையும் எப்படி ஆன்ட்டி ஷார்ப்பா எடுத்தீங்க?" என்று கேட்டாள். நான் ஆரம்பிப்பதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டது உறுத்தலாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. படம் எடுக்க உட்காருபவர்கள் தும்முவார்கள் என்பது அங்கே தினசரிப் பிரச்சினை. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கன்னத்திலும் உதட்டிலும் வண்ணம் தீட்டும் வேலைக்குத்தான் என்னைச் சேர்த்தார்கள். முதலாளி சவரிமுத்துவை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் அழைப்போம். கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் கழுத்துப் பட்டிக்குள் ஒரு கைக்குட்டையைச் செருகியிருப்பார். சில மாதத்தில் என்னைத் தூரிகையிலிருந்து பிரித்துப் படம் எடுக்கும் கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். பெண்களின் முகவாயைத் தொட்டு நிமிர்த்த, முந்தானையைச் சரிசெய்ய ஒரு பெண் வேண்டியிருந்தது. ஆண் தொட்டால் வீட்டுக்காரர் முறைப்பார். அவர் முறைப்பதும் படத்தில் விழும்.

கற்றுக்கொண்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் கவிதா தூங்கிவிடுவாள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். லென்ஸுக்குத் தெளிவாகத் தெரிவது ஒரே ஒரு தூரம்தான். காற்றில் ஒரு கண்ணாடிச் சுவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரில் இருப்பவர்கள் தெளிவாக விழுவார்கள். முன்னாலோ பின்னாலோ தள்ளிப்போனால் கலங்குவார்கள். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் சுவர் கொஞ்சம் தடிமனாகும். ஆனால் வெளிச்சம் குறையும். குறைந்த வெளிச்சத்துக்கு லென்ஸை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஒருவரும் அசையக் கூடாது. குடும்பப் படம் எடுப்பது என்றால், அந்தச் சுவருக்குள் ஒரு குடும்பத்தையே கொண்டுவந்து அசையாமல் நிறுத்துவது. லென்ஸை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாஸ்டர் ஒருநாளும் "ஆடாதீங்க" என்று சொன்னதில்லை. சொன்னால்தான் ஆடுவார்கள் என்பார். அதற்குப் பதிலாக, "எல்லாரும் கால் கட்டைவிரலை மட்டும் உள்பக்கம் மடக்கிக்குங்க" என்பார். மடக்கிப் பாருங்கள், உடம்பு தானாக நிலைத்துவிடும். கவனமெல்லாம் காலுக்குப் போய்விடுவதால் முகத்தில் விறைப்பும் இருக்காது. அடுத்து, "மூச்சை விட்டுட்டு அப்படியே இருங்க" என்பார். லென்ஸைத் திறக்கும் ரப்பர் பந்து அவர் கையில் அமுங்கியது யாருக்கும் தெரியாது. "எப்ப எடுப்பீங்க?" என்று கேட்பவர்களிடம், "எடுத்தாச்சே, வீட்டுக்குப் போங்க" என்பார்.

வரிசையை நேராகவும் நிறுத்த மாட்டார். நேர் வரிசையில் ஓரத்தில் நிற்பவர்கள் நடுவில் இருப்பவர்களைவிட லென்ஸுக்குத் தூரமாகிவிடுவார்கள். அதனால் கேமராக் காலில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு அரைவட்டமாக நடந்து, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுவார். கோட்டின் மேல் நாற்காலி. இதற்கு எங்களுக்குள் வாழைப்பழ வரிசை என்று பெயர்.

அவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒரு குறை. கிட்டத்துப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. மூக்குக்கண்ணாடி போடச் சொன்னால், "அது வயசானவங்க போடறது" என்பார். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும்.

இது வெளியில் வந்தது ஒரு பாட்டு வகுப்புப் பெண்களின் படத்தில். எல்லாரும் பட்டுப்புடவை. படம் கழுவி வந்தபோது ஒவ்வொரு சரிகை இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. முகங்கள் மட்டும் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தன. கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கும்போது, பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியில் மின்னியது சரிகைதான். மாஸ்டரின் கண்ணுக்கு எட்டியதும் அது மட்டும்தான். பாட்டு டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "புடவை நல்லாப் பாடியிருக்கு மாஸ்டர்" என்றார்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லாமல் ஓர் ஏற்பாடு வந்தது. மாஸ்டர் முதலில் துணிக்குள் போவார். வெளியே வந்து, "சரியா இருக்கு. நீயும் ஒரு தடவை பாரு ராஜம்" என்பார். நான் உள்ளே போய் உண்மையிலேயே சரிசெய்வேன். எதைப் பிடிக்க வேண்டும் என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். முகத்தில் கூர்மையான பொருள் மூக்குத்திதான். ஒரு பொட்டு வெளிச்சம் அதில் ஊசிமுனையாக நின்றால், முகம் தெளிந்துவிட்டது என்று அர்த்தம். ஆண்கள் படமாக இருந்தால் மீசை முடி. மீசையும் இல்லாதவர்கள் எனக்குக் கொஞ்சம் கஷ்டம் கொடுத்தார்கள்.

இன்னும் அதிகக் கஷ்டம் கொடுத்தது கௌரவம். ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா ஓய்வு பெறுகிறார் என்று படம் எடுக்கப் போனோம். எல்லாரையும் கோட்டில் உட்காரவைத்து, நான் மீசைகளையெல்லாம் சரிபார்த்து வெளியே வந்தால், அவர் தன் நாற்காலியை ஓரடி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்களோடு ஒரே வரிசையில் இருக்க மனம் இல்லை. பின்னால் தள்ளச் சொன்னால் தள்ளுவார். நான் துணிக்குள் போனதும் நாற்காலி மறுபடி முன்னே வரும். மாஸ்டர் அவர் காதருகில் குனிந்து ஏதோ சொன்னார். அடுத்த கணம் நாற்காலி கோட்டுக்கு வந்தது, அப்புறம் அசையவே இல்லை. என்ன சொன்னீர்கள் என்று திரும்பி வரும்போது கேட்டேன். "முன்னால வந்தா தொந்தி பெரிசா விழும்னு சொன்னேன்" என்றார்.

இனி அந்தக் கல்யாணப் படம்.

அறுபதுகளின் தொடக்கம். ஃபேரர் பார்க் பக்கத்தில், செங்கல் தூண்கள்மேல் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் பழைய மரவீடு. துறைமுகத்தில் வேலை பார்த்த ராமலிங்கத்தின் மகள் வசந்தாவுக்கு அன்று காலை கோயிலில் தாலி கட்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு மலாயாவில், ஈப்போவில் வேலை. சாயங்கால ரயிலில் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அதற்குள் வீட்டு வாசலில் குடும்பப் படம் எடுத்தாக வேண்டும். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

நான் வசந்தாவின் ஜடைப்பூவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் அம்மா என்னைத் தனியே இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். ராமலிங்கத்தின் தம்பி சண்முகமும் வந்திருக்கிறார். அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகிறது. ஊரில் அவர்களுடைய தாயார் இறந்தபோது தந்தி அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தது. அப்போது தம்பி கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று அண்ணன் தள்ளிப்போட்டார். காய்ச்சல் விட்டு முடிவெட்டிக்கொள்ளப் போன தம்பிக்கு, பாதி முடி வெட்டியிருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் துக்கம் விசாரித்தார். அன்றோடு அண்ணன் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார். வசந்தாவைச் சின்ன வயதில் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். அவள் நேரில் போய் அழுததற்காக மட்டும் இன்றைக்கு வந்திருக்கிறார்.

"படத்துல பக்கத்துல நிப்பாங்களா தெரியலம்மா. நீங்கதான் எப்படியாவது பார்த்துக்கணும்" என்றார் அந்த அம்மா.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதையாக நாற்காலிகளைக் கொடுத்துவிட்டு, பெண்ணைப் பெற்ற ராமலிங்கம் பின்வரிசையில் நின்றுகொண்டார். சண்முகம் அந்த வரிசைக்கு ஆறடி பின்னால், வீட்டு வராந்தாவின் விளிம்பில், கைகளைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார். வராந்தா உயரம் என்பதால் எல்லாருக்கும் மேலே தெரிந்தார். ஆனால் நம்முடைய கண்ணாடிச் சுவருக்கு ரொம்பப் பின்னால் இருந்தார்.

நான் படியருகே போனேன். "ஐயா, கொஞ்சம் கீழ இறங்கி வாங்களேன். அங்க நின்னா தெளிவா விழ மாட்டீங்க."

"படத்துல இருக்கணும்னு பொண்ணு கேட்டுச்சு. இருக்கேன். அவரு பக்கத்துல நிக்கணும்னு கேக்கலியே."

ராமலிங்கம் திரும்பாமலே சொன்னார், "யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம்மா. கலங்கலா விழுந்தா விழட்டும்."

நாற்காலியில் மாலையோடு இருந்த வசந்தா, "சித்தப்பா கலங்கலா இருந்தா எனக்கு அந்தப் படமே வேணாம்பா" என்று சொல்லிப் பின்னால் திரும்பப் போனாள். மாஸ்டர் அவளைத் தடுத்தார். "திரும்பாதம்மா, மாலை கலைஞ்சிடும். சித்தப்பா வந்துடுவாரு. நீ முன்னால என்னை மட்டும் பாரு."

மாப்பிள்ளையின் தகப்பனார் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். துவாரத்தை இன்னும் சுருக்கினால் சண்முகம் வரைக்கும் தெளிவு எட்டும். ஆனால் இருக்கிற வெளிச்சத்தில் லென்ஸை அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் முன்வரிசைக் குழந்தைகள் எல்லாம் புகையாகிவிடுவார்கள். மாஸ்டர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவைப் பார்த்தார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எல்லாரும் அவங்கவங்க இடத்துலயே இருங்க. யாரும் நகர வேண்டாம். நாங்க நகர்ந்துக்கறோம்."

கேமராவை வேலி வரைக்கும் பின்னால் கொண்டுபோனோம். தூரத்துக்கு ஏற்ற வேறொரு லென்ஸை மாட்டினார். "ராஜம், பின்பலகையைச் சாய்க்கப் போறேன். உள்ள போய்ச் சொல்லிக்கிட்டே இரு" என்றார்.

மங்கல் கண்ணாடி பொருத்தியிருக்கும் பின்பலகை நிமிர்ந்து நின்றால், தெளிவுச் சுவரும் நிமிர்ந்து நிற்கும். பலகையின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால், அந்தச் சுவர் வீட்டில் சாத்திய ஏணிபோலச் சாய்ந்துகொள்ளும். ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம், நடுவில் நிற்பவர்களின் முகம், உச்சியில் வராந்தாவில் நிற்கும் சண்முகத்தின் முகம். மூன்றும் ஏணியில் விழுந்துவிட்டால் போதும். கால்களும் பூத்தொட்டிகளும் எப்படிப் போனால் என்ன.

மங்கல் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். கல்யாண வீடு மொத்தமும் வானத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

"வசந்தா மூக்குத்தி நிக்குது மாஸ்டர். சித்தப்பா மீசை இன்னும் வரல."

பலகை கொஞ்சம் சாய்ந்தது.

"மீசை வருது. மூக்குத்தி போயிருச்சு."

அவர் லென்ஸை நகர்த்தினார். மூக்குத்தி வந்தது, மீசை போனது. மறுபடி பலகை, மறுபடி லென்ஸ். துணிக்குள் வியர்வை கண்ணில் வழிந்தது. வெளியே மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர், "அந்தம்மா உள்ள என்ன மூக்குத்தி தேடுறாங்களா?" என்று கேட்பது காதில் விழுந்தது. கடைசியில் ஒரு நிலையில் மூக்குத்தியும் ராமலிங்கத்தின் நரைமுடியும் மேலே அந்த மீசையும் ஒன்றாகக் கூர்ந்து நின்றன.

"போதும் மாஸ்டர். தொடாதீங்க."

நான் தலையை வெளியே எடுப்பதற்குள் மாஸ்டர் ராமலிங்கத்திடம் போய்விட்டார். "ஐயா, உங்க தலைக்குப் பின்னால ஒரு தூண் முளைச்ச மாதிரி தெரியுது. இடது பக்கம் ஒரு சாண் நகர்ந்து நில்லுங்க."

நான் இவ்வளவு நேரம் பார்த்த கண்ணாடியில் எந்தத் தூணும் முளைத்திருக்கவில்லை. மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். ராமலிங்கம் நகர்ந்த இடத்தில், தம்பி அவருடைய தோளுக்கு நேராக வந்திருந்தார். வெளியே வந்து மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ரப்பர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் கட்டைவிரலை மடக்குங்க. பின்னால நிக்கறவரும்தான்."

படம் எடுத்து நாங்கள் பெட்டியை மடக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சண்முகம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

படத்தைக் கழுவியபோதுதான் நடந்திருப்பது முழுசாகத் தெரிந்தது. இடையிலிருந்த ஆறடி எங்கேயோ போய்விட்டது. வராந்தாவின் தரையை முன்னால் நின்றவர்களின் தலைகள் மறைத்துவிட்டன. பார்ப்பவர்களுக்கு, சண்முகம் ஒரு முக்காலி போட்டு ஏறி அண்ணன் தோளை ஒட்டி நிற்கிற மாதிரி இருந்தது. முறைப்பாகக் கைகட்டியிருந்ததுகூட, அண்ணனுக்குக் காவல் நிற்பதுபோலத்தான் விழுந்திருந்தது. ஈப்போவுக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினோம். சகோதரர்கள் வீட்டுக்கும் ஆளுக்கு ஒன்று போயிற்று.

அந்த வாரச் சனிக்கிழமை சண்முகம் மாடிப்படி ஏறி வந்தார். படத்தை மேசைமேல் போட்டார்.

"இது ஒட்டு வேலை. நான் இங்க நிக்கவே இல்ல. வராந்தாவுல நின்னவன வெட்டி எடுத்து இங்க ஒட்டியிருக்கீங்க."

மாஸ்டர் நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "வெட்டினா கோடு தெரியும். நல்லாப் பாருங்க."

"அப்ப என் தலை மட்டும் ஏன் சின்னதா இருக்கு?"

"தம்பி தலை அண்ணன் தலையவிடச் சின்னதாத்தானே இருக்கும்."

அதற்கு அவர் வாயைத் திறப்பதற்குள் படியில் இன்னொரு செருப்புச் சத்தம். ராமலிங்கம், கையில் அதே படம். தம்பி இருப்பதைக் கவனிக்காமல் நேராக மாஸ்டரிடம் ஆரம்பித்தார். "என்னங்க இது, நான் அவன்கூட ஒட்டிக்கிட்டு நிக்கற மாதிரி போட்டிருக்கீங்க? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"ரெண்டு பேரும் சமாதானமா இருக்கீங்கன்னு நினைப்பாங்க" என்றார் மாஸ்டர்.

"அவன் எங்க நின்னான்னு எனக்குத் தெரியாதா? வராந்தாவுல நின்னான்." அப்போதுதான் மூலையில் தம்பியைப் பார்த்தார். வழக்கு போட வந்தவருக்கு எதிரிலேயே சாட்சி கிடைத்த வேகத்தில், நேராக அவரிடமே கேட்டுவிட்டார்: "டேய், நீயே சொல்லு. எங்க நின்ன?"

"வராந்தாவுலதான்ணே. ஆறடி தள்ளி."

"ஆறடி என்ன, எட்டடி இருக்கும்."

"எட்டு இருக்காதுண்ணே. அந்தப் பூத்தொட்டி வரிசைதான் நடுவுல."

தாங்கள் பேசிக்கொண்டிருப்பது அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. நான் பெண்கள் உட்காரும் முக்காலிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தேன். அவை ஏற்கனவே துடைத்தவை.

சண்முகம்தான் முதலில் பேசினார். மாஸ்டரிடம் பேசிய குரல் இல்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ண்ணே. அம்மா விஷயம். முடிவெட்டுற கடையில வச்சு, யாரோ சொல்லி..."

ராமலிங்கம் படத்தை மடக்கப் பார்த்தார், அட்டை மடங்கவில்லை. "நீ பிழைப்பியான்னே தெரியலடா அப்ப. உன் பக்கத்துல உக்காந்திருந்தேன். தந்தி பையிலயே இருந்துச்சு. எப்படிச் சொல்லச் சொல்ற?"

"பக்கத்துல உக்காந்திருந்தீங்களா?"

"வேற யாரு உக்காந்திருந்தா?"

சண்முகத்துக்கு அது தெரிந்திருக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவருக்கு யார் இருந்தார்கள் என்பது எப்படித் தெரியும். எழுந்த பிறகு கோபத்தில் யாரிடமும் கேட்கவும் இல்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தும்மல் வந்தது. மிளகாய் நெடியால்தான் என்று நாங்கள் எல்லாரும் வைத்துக்கொண்டோம்.

மாஸ்டர் கீழேயுள்ள கோப்பிக்கடைக்குக் குரல் கொடுத்து நாலு கோப்பி சொன்னார். குடித்துவிட்டு இருவரும் ஒன்றாகத்தான் படி இறங்கினார்கள். இறங்கும்போதும் ஆறடியா எட்டடியா என்ற வாக்குவாதம் முடியவில்லை.

அடுத்த வருஷம் வசந்தா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். குழந்தைக்குக் கழுத்து நின்றதும் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குத் தூக்கி வந்தாள். கூடவே அப்பாவும் சித்தப்பாவும். பேரனை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குள் தகராறு. நான் குழந்தைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வசந்தா மாஸ்டரிடம் போய்க் கைகூப்பினாள்.

"அன்னிக்கு என்னைத் திரும்பிப் பார்க்க விடலையே மாஸ்டர், பயந்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன். ஈப்போவுல படத்தைப் பிரிச்சுப் பார்த்ததும் அழுதுட்டேன். எனக்காகச் சித்தப்பா இறங்கி வந்து அப்பா பக்கத்துல நின்னுட்டாரே. எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னேன், எங்க சித்தப்பா மனசு அப்படின்னு."

மாஸ்டர் கைக்குட்டையைத் தேடினார். நான் சண்முகத்தைப் பார்த்தேன். அவர் அண்ணனைப் பார்த்தார். ராமலிங்கம் குழந்தையின் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா," என்றார் சண்முகம். "இறங்கித்தான் வந்தேன்."

ராமலிங்கம் தலையைத் தூக்காமல் சொன்னார், "நான்தானே கூப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.